சரக்கு லாரி ஏன் தாமதமாகிறது? ஓட்டுநரின் நிலையும் வணிகர் அறிய வேண்டியதும்

உளுந்து வந்த கப்பல் துறைமுகத்தைத் தொட்டு ஒரு வாரம் ஆகிவிட்டது. பணம் கட்டியாயிற்று. கடையில் இருப்பு தீர்ந்து வருகிறது. லாரி ஆபீசுக்குப் போன் செய்தால் "வண்டி வரிசையில் நிற்கிறது" என்கிறார்கள். மூன்றாம் நாள் இரவு பதினோரு மணிக்கு வண்டி வந்து நிற்கும்போது, நம்மிடம் கடிந்த சொல் கேட்பவர் அந்த ஓட்டுநர்தான். தாமதத்துக்குக் காரணம் அவரா? வட சென்னையில் சரக்கு இறக்கும் ஒவ்வொரு வணிகரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இது இரக்கம் சார்ந்த விஷயம் மட்டுமல்ல. நம் வாடகைக் கணக்கும் இதில் அடங்கியிருக்கிறது.

துறைமுகத்திலிருந்து கடை வரை

பர்மாவிலிருந்து வரும் உளுந்தும் துவரையும், கனடாவிலிருந்து வரும் மைசூர் பருப்பும் பெரும்பாலும் கன்டெய்னரில் வருகின்றன. துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னரை ஒரு டிரெய்லர் ஏற்றிக்கொண்டு மணலி, மாதவரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் உள்ள கன்டெய்னர் கிடங்கு ஒன்றுக்குக் கொண்டு போகிறது. அங்கே சுங்கப் பரிசோதனை முடிந்து, மூட்டைகள் வேறு லாரிக்கு மாற்றப்பட்டு, மில்லுக்கோ மண்டிக்கோ வருகின்றன. ஆக, நம் சரக்கு குறைந்தது இரண்டு ஓட்டுநர்களின் கை மாறி வருகிறது. அவர்களில் டிரெய்லர் ஓட்டுபவரை நாம் பார்ப்பதே இல்லை. காத்திருப்பு அதிகம் அவருக்குத்தான்.

வரிசை வந்த கதை

சென்னைத் துறைமுகம் 1881 முதல் இயங்கி வருகிறது. கன்டெய்னர் முனையம் 1983-இல் வந்தது. இரண்டாவது முனையம் 2009-இல் சேர்ந்தது. சரக்கு பெருகிய வேகத்தில் சாலை பெருகவில்லை. மணலியிலிருந்து எம்.எப்.எல். சந்திப்பு, எண்ணூர் விரைவுச் சாலை, திருவொற்றியூர், காசிமேடு வழியாக ராயபுரத்தை ஒட்டிய ஜீரோ கேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் குடியிருப்பு. அகலப்படுத்த எடுத்த எண்ணூர் – மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம், கரையோர மீனவர் வீடுகளுக்கு மாற்று இடம் தருவது உள்ளிட்ட பல காரணங்களால் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2012-இல் வேலை நின்றது. இரண்டு அடுக்குச் சாலையாகத் திட்டம் மாற்றப்பட்டு 2022 மே மாதம் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது.

இடைப்பட்ட ஆண்டுகளில் டிரெய்லர்கள் பல கிலோமீட்டர் நீளத்துக்கு நின்றதை இப்பகுதி வணிகர்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். கேட்டைத் தொட இரண்டு மூன்று நாள் ஆன காலமும் உண்டு. வண்டியை விட்டு இறங்கிப் போனால் டீசலும் பேட்டரியும் களவு போகும். வரிசையில் இடமும் போகும். குளிக்க இடமில்லை, கழிப்பிடமில்லை. சாப்பாடு தள்ளுவண்டியில். தூக்கம் ஸ்டியரிங்கின் மேல்.

கம்பெனி வண்டி என்றால் கவலை இல்லையா?

பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்துவிட்டால் ஓட்டுநருக்குக் கஷ்டமில்லை என்று நாம் நினைப்பதுண்டு. பாதி உண்மை. நிரந்தர ஆளாக இருந்தால் மாதச் சம்பளம், பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டு. ஆனால் கம்பெனியின் பெயர் எழுதிய வண்டிகள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தமானவை அல்ல. ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு முதலாளிகளின் லாரிகள் ‘அட்டாச்’ முறையில் ஓடுகின்றன. அதில் வேலை செய்பவருக்குப் பெரும்பாலும் நடைக்கு இவ்வளவு என்றுதான் கூலியும் பேட்டாவும்.

கணக்குக்காக ஒன்று பார்ப்போம். ஒரு நடைக்கு ரூ.1,000 என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு இரண்டு நடை அடித்தால் ரூ.2,000. அதே நடை வரிசையில் மாட்டி இரண்டு நாள் ஆனால், நாள் கூலி ரூ.500. சாப்பாட்டுச் செலவு அதற்குள்தான். பல இடங்களில் நடைக்கு இத்தனை லிட்டர் டீசல் என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஊர்ந்து ஊர்ந்து போனால் டீசல் கூடுதலாகும்; கூடுதலானது ஓட்டுநர் கணக்கில் பிடித்தம். அதாவது, காத்திருப்பின் நஷ்டம் கப்பல்காரர், கிடங்குக்காரர், கம்பெனி, வணிகர் என்று எல்லோரையும் தாண்டி, சம்பாத்தியம் குறைந்தவர் தலையில் போய் இறங்குகிறது. விட்ட நேரத்தைப் பிடிக்க அவர் இரவெல்லாம் ஓட்டுகிறார். விபத்து அங்கே பிறக்கிறது.

2020-இல் சேவ் லைப் அறக்கட்டளை நாட்டின் 10 போக்குவரத்து மையங்களில் 1,200-க்கு மேற்பட்ட லாரி ஓட்டுநர்களைக் கேட்டறிந்தது. ஒருவர் சராசரியாக நாளுக்குச் சுமார் 12 மணி நேரம் ஓட்டுவதாகத் தெரிந்தது. களைப்பும் தூக்கமும் வந்த நிலையிலும் ஓட்டுவதாக ஏறத்தாழப் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள்.

சட்டம் சொன்னது என்ன?

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று வரையறுத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி ஓய்வு தர வேண்டும். இரவு தங்கும் இடங்களில் ஓய்வறை வேண்டும் என்றெல்லாம் எழுதியது. ஆனால் 5 பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருந்த முதலாளிகளுக்கு அந்தச் சட்டத்தின் ஓய்வறை, விடுப்பு போன்ற வசதிகள் கட்டாயமில்லை. இச்சட்டம் இப்போது 2020-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்ற விதியும் வந்துள்ளது. பழைய வண்டி ஓட்டுபவருக்கு அது இன்னும் எட்டவில்லை.

வெளிநாட்டுப் பாடம்

அமெரிக்காவில் பெரிய லாரிக் கம்பெனிகள் மைலுக்கு இவ்வளவு என்று கூலி தருகின்றன. அங்கும் கிடங்கு வாசலில் நிற்கும் நேரத்துக்கு வருமானம் குறைவு. விளைவு, நெடுந்தூரப் பெரிய கம்பெனிகளில் ஓட்டுநர் வேலையை விட்டு மாறும் விகிதம் பல ஆண்டுகளில் 90 சதவீதத்தைத் தாண்டியது. நூறு ஆளை வைத்து ஓட்ட, வருஷத்தில் தொண்ணூறு ஆளைப் புதிதாக எடுக்க வேண்டிய நிலை. நம் நாட்டில் 2014-இல் தொடங்கிய ரிவிகோ என்ற கம்பெனி வேறு வழி கண்டது. ஒரு ஓட்டுநர் நான்கைந்து மணி நேரம் ஓட்டி, வண்டியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, எதிர்த்திசை வண்டியில் வீடு திரும்புவார். சரக்கும் சீக்கிரம் போனது, ஓட்டுநரும் வீட்டில் தூங்கினார். ஓட்டுநரின் நேரத்தை மதிப்பதும் வியாபாரமே என்பதற்கு இது சான்று.

நாம் செய்யக்கூடியவை

சாலை போடுவது நம் கையில் இல்லை. நம் வாசலில் நடப்பது நம் கையில் இருக்கிறது.

1. வண்டி வரும் நேரத்தை முன்கூட்டிக் கேட்டு, இறக்குக்கூலி ஆட்களைத் தயாராக வைத்திருங்கள். பகலில் கனரக வாகனத்துக்குத் தடை உள்ள தெருவானால் இரவில் இறக்க ஆள் வேண்டும்.

2. இத்தனை மணி நேரத்துக்குள் இறக்காவிட்டால் காத்திருப்புக் கட்டணம் என்று லாரி ஆபீசுடன் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். அதில் ஓட்டுநரின் பங்கு எவ்வளவு என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

3. "இன்னும் பத்து மூட்டை ஏற்று" என்று கேட்காதீர்கள். 2019 திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு அபராதம் ரூ.20,000, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் பொறுப்பாளியே.

4. ஈ-வே பில்லின் ஆயுள் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வண்டி வரிசையில் நின்றால் அது காலாவதியாகும். முடியும் நேரத்துக்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம். இதை ஓட்டுநர் தலையில் விடாமல் நாமே கவனிப்போம்.

5. மூட்டை குறைந்தாலோ நனைந்தாலோ ஓட்டுநரின் பேட்டாவில் பிடிக்காதீர்கள். ரசீதிலேயே குறைவை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி பொறுப்பு கம்பெனியுடையது. புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். கம்பெனி கேட்கும் கூடுதல் இடர்க் கட்டணத்தைத் தருவதாக நாம் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாவிட்டால், நஷ்ட ஈடு வாடகையின் பத்து மடங்குக்கு மேல் கிடைக்காது. ஆகவே புக்கிங் செய்யும்போதே மதிப்பை எழுதச் சொல்லி, அந்தக் கட்டணத்தையும் பேசிக்கொள்ளுங்கள்.

6. குடிக்கத் தண்ணீர், கழிப்பிடம், கை கால் கழுவ ஒரு குழாய். இதற்கு அதிகச் செலவில்லை.

நல்ல கடை எது, காக்க வைக்கும் கடை எது என்று ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். வண்டி தட்டுப்பாடான நாளில் யார் கடைக்கு முதலில் லோடு வரும் என்பது அந்தப் பேச்சில்தான் முடிவாகிறது. இறக்கும் நேரம், காத்திருப்புக் கட்டணம் ஆகிய இரண்டையும் பற்றி உறுப்பினர்கள் தத்தம் கிளைக் கூட்டத்தில் பேசி, ஒரே மாதிரியான விதியாகத் தீர்மானித்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.