களியா, முத்தேயா, சங்கட்டியா?

அஞ்செட்டிப் பக்கம் கேழ்வரகு மாவைக் கிண்டி உருட்டினால் தமிழ் வீட்டில் அது களி. கன்னட வீட்டில் முத்தே, தெலுங்கு வீட்டில் சங்கட்டி. பண்டம் ஒன்று, பெயர் மூன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இந்த எல்லையோரப் பெற்றோருக்குக் குழந்தை வளர்ப்பு பற்றி செல்போனில் சேதி அனுப்ப நினைப்பவர்கள் முதலில் இதைக் கவனிக்க வேண்டும்.

சேதியால் பலன் உண்டா?

சான் பிரான்சிஸ்கோவில் 2013-14 கல்வியாண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பெஞ்சமின் யார்க்கும் சுசானா லோபும் 440 குடும்பங்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு எட்டு மாதம், வாரம் மூன்று குறுஞ்செய்திகள் போயின. மற்றவர்களுக்குப் பள்ளி அறிவிப்புகள் மட்டும். ‘பிள்ளையின் பெயரில் வரும் முதல் எழுத்தைக் கடைப் பலகையில் காட்டுங்கள்’ என்பது போன்ற சின்ன வேலைகள்தான் அந்தக் குறுஞ்செய்திகளில் இருந்தன. சேதி பெற்ற வீடுகளில் இத்தகைய விளையாட்டுகள் கூடின. பிள்ளைகளின் எழுத்தறிவும் ஓரளவு உயர்ந்தது.

இந்தியாவில் குறுஞ்செய்திக்குப் பதில் குரல் வந்தது. பீகாரில் 2013-இல் பிபிசி மீடியா ஆக்‌ஷன் தொடங்கிய ‘கில்காரி’ குரல் அழைப்புச் சேவையை, 2016 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் தேசியத் திட்டமாக்கியது. கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒரு அழைப்பு, மொத்தம் 72. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் கேட்கலாம், கட்டணமில்லை.

ஆனால் கில்காரியின் பலனை அறிய மத்தியப் பிரதேசத்தில் சுமார் 5,000 பெண்களிடம் நடந்த ஆய்வில், தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் வழக்கத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. அழைப்பு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டுமா? இன்னொரு குறையும் உண்டு. பிள்ளை பேசத் தொடங்கும் வயதில் அழைப்பு நின்றுவிடுகிறது. மூன்று வயதுவரையான குழந்தைகளுக்கென 2024-இல் மத்திய அரசு வெளியிட்ட ‘நவ்சேத்னா’ வழிகாட்டியில் 140 செயல்பாடுகள் உள்ளன. அந்த இடைவெளியை நிரப்பும் சரக்கு அதில் இருக்கிறது.

அதை அஞ்செட்டிக்குக் கொண்டுவரும் வழி அங்கன்வாடிதான். வீட்டில் ஒரே போன் இருந்து, அதுவும் ஓசூர் கம்பெனிக்கோ பெங்களூரு கட்டட வேலைக்கோ போகும் அப்பாவின் சட்டைப் பையில் இருந்தால், பகல் அழைப்பு தாயை எட்டாது. அவர் வீடு திரும்பியபின் வர வேண்டும். காட்டோர ஊரில் சிக்னல் கிடைக்காத வாரம், அதே சேதியை அங்கன்வாடி டீச்சர் வாய்மொழியாகச் சொல்லலாம்.

சேதியும் அந்தந்த வீட்டுச் சொல்லிலேயே இருக்கட்டும். கன்னட வீடு என்றால்: “ராத்திரி முத்தே உருட்டும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொன்றாக எண்ணச் சொல்லுங்கள். கன்னடத்தில் எண்ணினாலும் சரி.”