வழி யாருக்கு?

ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் நடைபெறும் நேரு கோப்பைப் படகுப் போட்டியை நம்மில் பலர் தொலைக்காட்சியிலேனும் கண்டிருப்போம். அங்குச் சுண்டன் வள்ளங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித் தடம் உண்டு. தன் தடத்தை விட்டு விலகாத வரையில் ஒரு வள்ளம் மற்றொன்றின் மீது மோதுவதற்கு இடமில்லை. பாய்மரப் படகுப் போட்டியிலோ தடமே கிடையாது. நாற்பது, ஐம்பது படகுகள் ஒரே நேரத்தில் புறப்பட்டு, கடலில் நிறுத்தப்பட்ட மிதவைகளைச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு படகும் தனக்கு உகந்த வழியைத் தானே தேர்ந்து செல்கிறது. அவ்வழிகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும்போது யார் விலகுவது, யார் தொடர்வது என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்கு விடை கூறுவனவே வழியுரிமை நெறிகள்.

வழிகள் ஏன் வெட்டிக்கொள்கின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றைக் கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகளும், மலையுச்சிக் காற்றை இடுக்கியின் இராமக்கல்மேட்டுக் காற்றாலைகளும் நமக்கு நாள்தோறும் காட்டுகின்றன. அத்தகைய காற்றை எதிர்த்து எந்தப் பாய்மரப் படகும் நேராகச் செல்ல இயலாது. காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து சிறிது தொலைவு ஓடி, பின் மறுபுறம் திரும்பி அதே அளவு சாய்ந்து ஓடி, வளைந்து வளைந்தே அது முன்னேற வேண்டும். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறுவதை இதற்கு ஒப்பிடலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மலைச்சாலையில் வளைவுகள் எல்லா வண்டிக்கும் பொது; கடலில் ஒவ்வொரு படகும் தன் வளைவைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு படகு இடமிருந்து வலமாகவும் மற்றொன்று வலமிருந்து இடமாகவும் வந்து எதிர்ப்படுதல் தவிர்க்க இயலாதது.

மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது நாம் அறிந்த நெறி. கடலில் அந்த இடத்தைக் காற்று பெறுகிறது. இரு படகுகள் எதிர்ப்படும்போது, எந்தப் படகுக்குக் காற்று வலப்பக்கத்திலிருந்து வருகிறதோ அதற்கே வழியுரிமை. இடப்பக்கத்தில் காற்றைப் பெறும் படகு விலக வேண்டும். வலப்பக்கக் காற்றுடன் வருபவர் ‘ஸ்டார்போர்டு’ என்று உரக்கக் குரல் கொடுப்பது உலகெங்கும் வழக்கம். இரண்டும் ஒரே பக்கத்தில் காற்றைப் பெற்று அருகருகே சென்றால், காற்று முதலில் வந்து தொடும் மேற்பக்கப் படகு, கீழ்ப்பக்கப் படகுக்கு வழிவிட வேண்டும். மேற்பக்கப் படகின் பாய், கீழே உள்ளதற்குச் சேரவேண்டிய காற்றை மறைத்து அதன் விரைவைக் குறைக்கக் கூடும் என்பதை நினைத்தால் இந்நெறியின் நியாயம் விளங்கும். பின்னால் வரும் படகு முன்செல்லும் படகுக்கு இடம் தரவேண்டும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால், வழியுரிமை பெற்றவர் கண்ணை மூடிக்கொண்டு செல்லலாம் என்று பொருள்படும். நெறிகள் அவ்வாறு விடவில்லை. உரிமையுள்ள படகு திடீரெனத் திசை மாறினால், மற்றப் படகு விலகுவதற்கு இடமும் நேரமும் தரவேண்டும். மேலும், எதிரில் வருபவர் விலகப்போவதில்லை என்பது தெளிவாகிவிட்டால், உரிமையுள்ளவரும் மோதலைத் தவிர்க்க முயல வேண்டும். முயலாமல் மோதி, அதனால் சேதமோ காயமோ ஏற்பட்டால் அவரும் தண்டனைக்கு உள்ளாவார். வழியுரிமை என்பது மோதும் உரிமை அன்று. ஏட்டில் எளிதாகத் தோன்றும் இதனைக் கடலில் பின்பற்றுவது எவ்வளவு கடினம் என்பதை அமெரிக்காக் கோப்பைப் போட்டியின் இரு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

1895 செப்டம்பர் 10ஆம் நாள், நியூயார்க்குக்கு அருகே இரண்டாம் பந்தயம் தொடங்கவிருந்தது. டன்ரேவன் பிரபுவின் ‘வால்கைரி 3’ என்னும் பிரித்தானியப் படகும், ‘டிஃபெண்டர்’ என்னும் அமெரிக்கப் படகும் புறப்பாட்டுக் கோட்டை நோக்கி அருகருகே விரைந்தன. வேடிக்கை பார்க்க வந்த கப்பல்கள் வழியை நெருக்கிக்கொண்டிருந்தன. மேற்பக்கத்தில் இருந்த வால்கைரியின் பாய்த்தண்டு, டிஃபெண்டரின் பாய்மரத்தைத் தாங்கிய கம்பி வடத்தில் சிக்கி அதனை அறுத்தது. டிஃபெண்டர் எதிர்ப்புக் கொடியை ஏற்றிவிட்டு, பழுதுற்ற மரத்துடனேயே ஓடி, 47 நொடிகளில் தோற்றது. டிஃபெண்டர்தான் தம் பக்கமாகத் திரும்பியது என்று டன்ரேவன் வாதிட்டார். மேற்பக்கப் படகே விலகியிருக்க வேண்டும் என்று கூறி நடுவர் குழு வால்கைரியின் வெற்றியை நீக்கியது. பந்தயத்தை மீண்டும் நடத்தலாம் என்று டிஃபெண்டர் தரப்பு முன்வந்தும் அவர் இசையவில்லை. அடுத்த பந்தயத்தில் புறப்பாட்டுக் கோட்டைக் கடந்தவுடன் தம் படகைத் திருப்பிக்கொண்டு சென்றுவிட்டார்.

1934ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. விமானத் தொழிலில் புகழ்பெற்ற தாமஸ் சாப்வித்தின் ‘எண்டவர்’, ஹரால்டு வான்டர்பில்ட்டின் ‘ரெயின்போ’வை எதிர்த்தது. முதல் இரு பந்தயங்களை எண்டவர் வென்றது. மூன்றாவதை ரெயின்போ வென்றது. நான்காம் பந்தயத்தில் ரெயின்போ மேற்பக்கமாக முந்த முயன்றபோது, கீழ்ப்பக்கத்தில் இருந்த எண்டவர் காற்றை நோக்கித் திரும்பியது. ரெயின்போ விலகவில்லை. இன்னும் சற்று நெருங்கியிருந்தால் பெரும் மோதல் நிகழ்ந்திருக்கும். சாப்வித் தம் படகை விலக்கிக்கொண்டார். ரெயின்போ முந்திச் சென்று வென்றது. எதிர்ப்புக் கொடியை அவர் உடனே ஏற்றவில்லை. பந்தய முடிவில் நடுவர் படகை நெருங்கும்போதே ஏற்றினார். கொடி காலத்தில் ஏற்றப்படவில்லை என்னும் காரணத்தால் நடுவர் குழு அம்முறையீட்டை விசாரிக்கவே மறுத்தது. கோப்பையும் அமெரிக்காவிலேயே தங்கியது. மோதலைத் தவிர்த்தவர் தோற்றார் என்ற மனக்குறை இங்கிலாந்தில் நெடுநாள் நிலவியது. அக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. வியப்புக்குரியது என்னவெனில், பிற்காலத்தில் வழியுரிமை நெறிகளைத் தெளிவான முறையில் திருத்தி எழுதப் பெரிதும் உழைத்தவர் அதே வான்டர்பில்ட் ஆவார். இன்று உலகப் பாய்மரப் படகுக் கழகம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்நெறிகளைத் திருத்தி வெளியிடுகிறது.

இவ்விளையாட்டில் பெரும்பாலும் ஒவ்வொரு படகையும் பின்தொடரும் நடுவர் இல்லை. கால்பந்தாட்டத்தைப் போல உடனே ஊதல் ஒலிக்காது. தவறு செய்தவர் தாமே அதனை ஏற்று, உடனே விலகிச் சென்று தம் படகை இருமுறை முழுச் சுற்றாகச் சுற்ற வேண்டும், அதுவே தண்டனை. மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. சுற்றுவதற்குள் பல படகுகள் முந்திவிடும். பெரும் சேதம் விளைவித்தவர் பந்தயத்திலிருந்தே விலக வேண்டும். தவறு செய்தவர் ஏற்க மறுத்தால் கரைக்கு வந்தபின் விசாரணை நடைபெறும். இரு தரப்பினரும் சாட்சிகளும் மேசைமேல் சிறு பொம்மைப் படகுகளை நகர்த்தி, காற்று எங்கிருந்து வந்தது, யார் எங்கிருந்தார் என்பதைக் காட்டுவர். குழு முதலில் நடந்தது இன்னது என்று முடிவு செய்து, அதன் பின்னரே நெறியைப் பொருத்திப் பார்க்கும். தவறு உறுதியானால் தகுதிநீக்கம். முதலில் வருபவருக்கு 1 புள்ளி. குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். 40 படகுகள் உள்ள போட்டியில் தகுதிநீக்கம் பெற்றவருக்கு 41 புள்ளிகள் சேரும். கடைசியாக வந்தவரை விடவும் அது மோசம்.

தமிழர்க்குப் பாய்மரப் போட்டி புதிதன்று. இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியை அடுத்த கடற்கரை ஊர்களில், கோயில் விழாக்களையொட்டி மீனவர்கள் நாட்டுப்படகுகளில் பாய் விரித்துப் போட்டியிடுவது இன்றும் வழக்கம். ஒலிம்பிக் வகைப் போட்டிகளுக்குச் சென்னைத் துறைமுகத்தில் பயிற்சி அளிக்கப்படுகிறது. அங்குள்ள ராயல் மெட்ராஸ் படகுக் கழகம் 1911இல் தொடங்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆவார். அவர் செலுத்தும் படகின் நீளம் 4 மீட்டருக்குச் சற்றே மிகுதி, செலுத்துபவர் ஒருவரே. ஒரு கையில் சுக்கான் பிடி, மறு கையில் பாய்க்கயிறு என இரண்டு கைகளுக்கும் வேலை இருக்கும். சாப்வித் காலந்தாழ்த்தி ஏற்றிய அந்தச் சிவப்புக் கொடி, 6 மீட்டருக்குக் குறைந்த இத்தகைய படகுகளுக்கு இன்று தேவையில்லை. எதிர்ப்பைத் தெரிவிக்க, நிகழ்ச்சி நடந்தவுடன் ‘ப்ரொடெஸ்ட்’ என்று எதிர்ப்படகுக்குக் கேட்கும்படி கூவினால் போதும்.