“புதிய இனம்” என்பதன் பொருள் என்ன? – இலங்கையின் மலைகளில் வாழும் தவளைகளும் ஊர்வனவும்

“மலைநாட்டில் புதிய தவளை இனம் கண்டுபிடிப்பு” என்ற பத்திரிகைச் செய்தியை வாசிக்கும் மாணவர் பலர், அத்தவளை அண்மையில் தோன்றியது என்று எண்ணிவிடுகின்றனர். அது பிழையான விளக்கமாகும். அத்தவளை நெடுங்காலமாக அங்கேயே வாழ்ந்து வந்தது. அயலிலுள்ள மக்கள் அதைக் கண்டிருக்கவும் கூடும். ஆனால் விஞ்ஞானத்தில் அதற்கென ஒரு பெயரும் விபரிப்பும் இருக்கவில்லை. “புதிய” என்ற சொல் இதையே குறிக்கின்றது.

இதற்கு உதாரணம் தேடி நுவரெலியா வரை செல்ல வேண்டியதில்லை. நமது அம்பாறை மாவட்டத்தில், பாணமைக்கு அப்பால் காட்டின் நடுவே குடும்பிகல என்ற பாறைக்குன்று உள்ளது. (மட்டக்களப்பு மாவட்டத்துக் குடும்பிமலை வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 2019 ஆம் ஆண்டு இலங்கையின் தனித்த குன்றுக் காடுகளிலிருந்து ஆறு புதிய பல்லியினங்கள் ஒரே ஆய்வுக் கட்டுரையில் விபரிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இக்குடும்பிகலவில் பெறப்பட்டது. அதன் பெயர் நெமாஸ்பிஸ் நந்திமித்ரை. நமது வீட்டுச் சுவரில் இரவில் பூச்சி பிடிக்கும் பல்லியின் கண்மணி ஒடுங்கிய பிளவு போன்றது. நெமாஸ்பிஸ் சாதியைச் சேர்ந்த இச்சிறு பல்லிகளோ பகலில் நடமாடுபவை. இவற்றின் கண்மணி வட்டமானது.

மலைகளில் ஏன் இத்தனை இனங்கள்?

குளிரும் ஈரமுமான மலையுச்சியில் வாழப் பழகிய ஒரு தவளையால், வெப்பமான தாழ்நிலத்தைக் கடந்து அடுத்த மலைக்குச் செல்ல இயலாது. கடல் சூழ்ந்த தீவைப் போலவே அம்மலை அதற்கு அமைந்துவிடுகின்றது. இவ்வாறு பிரிந்த இரு குடித்தொகைகள் தம்முள் இனங்கலக்காது நீண்டகாலம் வாழும்போது, வேறுபாடுகள் சேர்ந்து ஈற்றில் இரு இனங்களாகின்றன.

கொபோடிஸ் என்னும் சிறிய ஓணான் இதற்குத் தெளிவான சான்றாகும். முட்டையிடாது குட்டி ஈனும் இவ்விலங்கு, 1861 இல் விபரிக்கப்பட்ட ஒரேயொரு இனமாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் ஹோட்டன் சமவெளி, நுவரெலியா ஆகிய இடங்களில் வாழ்வனவும் நக்கிள்ஸ் மலைத்தொடரில் வாழ்வனவும் ஒன்றல்ல என்பது பின்னர் தெரியவந்தது. இரு மலைப்பகுதிகளுக்கும் இடையே மகாவலிப் பள்ளத்தாக்கு உள்ளது. நக்கிள்ஸில் வாழ்வது 2006 இல் கொபோடிஸ் தும்பர எனப் பெயரிடப்பட்டது.

ஓர் இனம் எவ்வாறு விபரிக்கப்படுகின்றது?

முதலில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மழைக்காலத்து இரவுகளில் ஆய்வாளர் மின்சூளுடன் காட்டினுள் சென்று, தவளைகளின் ஒலியைப் பதிவுசெய்து, அவை இருந்த உயரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்வர். இது எளிய பகுதி. கடினமான வேலை அதன் பின்னரே தொடங்குகின்றது. தவளையாயின் உடல் நீளம், விரலிடைச் சவ்வு, தோலின் தன்மை என்பனவும், பல்லியாயின் செதில்களின் எண்ணிக்கை, தொடையின் கீழ்ப்புற நுண்துளைகள் என்பனவும் அளந்து எண்ணப்படும். டி.என்.ஏ. ஒப்பிடப்படும். முன்னர் பெயரிடப்பட்ட இனங்களின் மாதிரிகளுடனும் ஒப்பிட வேண்டும். அவற்றுட் பல ஆங்கிலேயர் காலத்தில் இலண்டன் நூதனசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டவை. எவற்றுடனும் பொருந்தாவிடின் மாத்திரமே புதிய பெயர் இடப்படும். அப்பெயருக்கு ஆதாரமாக ஒரு மூலமாதிரி நூதனசாலையில் வைக்கப்பட்டு, விபரிப்பு ஆய்விதழில் வெளியிடப்படும்.

இவ்வேலை பெருமளவில் நடந்தது மரத்தவளைகளில்தான். கெலும் மனமேந்திர ஆரச்சி, ரொஹான் பெத்தியாகொட, மாதவ மீகஸ்கும்புர ஆகியோரின் முயற்சியால் 2005 ஆம் ஆண்டு மட்டும் இலங்கையிலிருந்து 35 புதிய இனங்கள் விபரிக்கப்பட்டன. அன்று பிலோட்டஸ் என வழங்கிய இவை இன்று சூடோபிலோட்டஸ் என்னும் சாதியில் அடங்கும். இவற்றுக்கு வாற்பேய்ப் பருவம் இல்லை! ஈரமண்ணிலோ இலையிலோ இடப்படும் முட்டையிலிருந்து சிறு தவளையே நேராக வெளிவரும். ஈரூடகவாழிகள் யாவும் வாற்பேய்ப் பருவத்தைக் கடப்பன என்று விடை எழுதும் மாணவர்கள் இதைக் கவனிக்க.

பெயர் கிடைக்கு முன்னரே அழிந்தவை

19 ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் பரந்தளவில் வெட்டப்பட்டன. 1876 இற்கு முன் சேகரிக்கப்பட்டு இலண்டன் நூதனசாலையில் இருந்த சில தவளைகளை ஆய்வாளர் மீண்டும் பரிசோதித்தபோது, அவை பெயரிடப்படாத இரு இனங்கள் எனக் கண்டனர். 2007 இல் மாயா, பார்டஸ் என்னும் இனப்பெயர்கள் அவற்றுக்கு இடப்பட்டன. ஆனால் அவ்விரண்டும் நம் மலைகளில் இப்போது இல்லை. பெயரிடும் வேளையிலேயே அழிந்தவையாகப் பதிவானவை அவை.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. இராணுவ வைத்தியரான கெலார்ட் 1853 இல் விபரித்த சூடோபிலோட்டஸ் ஸ்டெலாட்டஸ் என்ற புள்ளித் தவளை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எவர் கண்ணிலும் படாமையால் அழிந்ததெனக் கருதப்பட்டது. 2009 இல் அது சிவனொளிபாதமலைக் காட்டில் (நம்மவர் பாவாதமலை என்பர்) மீண்டும் காணப்பட்டது. அதே மலைக்காட்டிலிருந்து 2013 இல் மேலும் எட்டுப் புதிய மரத்தவளை இனங்கள் விபரிக்கப்பட்டன. பெயரில்லாத ஓர் இனத்தை அழிவுறும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்க முடியாது. பட்டியலில் இல்லாததற்காகக் காட்டை ஒதுக்குமாறு கேட்பதும் கடினம்.

மாதிரி வினா: இரு மலைகளில் வாழும், தோற்றத்தில் ஒத்த இரு ஓணான்கள் வெவ்வேறு இனங்கள் என முடிவுசெய்யத் தேவையான சான்றுகள் மூன்று தருக.

குறிப்பு: “நிறம் வேறு” என எழுதுவது போதாது, ஒரே இனத்துள்ளும் ஆண், பெண், குஞ்சு என்பவற்றின் நிறம் மாறலாம். செதில் எண்ணிக்கை, டி.என்.ஏ. வேறுபாடு, மூலமாதிரியுடனான ஒப்பீடு என்பவற்றை எழுதுக. விஞ்ஞானப் பெயரை எழுத நேர்ந்தால் சாதிப்பெயரையும் இனப்பெயரையும் தனித்தனியாகக் கீழ்க்கோடிட மறக்க வேண்டாம்.