பிரபஞ்சத்தின் வயதும் ஒரு பாறையின் வயதும்

சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் தலைநீட்டி நிற்கும் கருநீலச் சாயலுள்ள பாறையைப் பூகர்ப்ப சாஸ்திரிகள் சார்னோகைட் என்று வழங்குகிறார்கள். அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்வின் ஹப்பிள், தூரத்து நட்சத்திர மண்டலங்கள் நம்மை விட்டு விலகிச் செல்லும் வேகத்தை ஆராய்ந்து 1929-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவை அப்படியே ஏற்றுக்கொண்டால், பிரபஞ்சம் முழுவதற்குமே 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது இருப்பதற்கில்லை. தாயைக் காட்டிலும் மகள் மூத்தவள் என்று சொல்லும் இந்த விபரீதக் கணக்கு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக வான சாஸ்திர அறிஞர்களை வருத்திக்கொண்டிருந்தது.

இன்று அந்த முரண்பாடு நீங்கிவிட்டது. பூமிக்கு ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள், பிரபஞ்சத்துக்கு ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள், மிகப் பழைய நட்சத்திரங்களுக்கு இவ்விரண்டுக்கும் இடையே, ஆனால் பிரபஞ்சத்தின் வயதை நெருங்கிய ஒரு வயது என்று மூன்று கணக்குகளும் தத்தம் வரிசையில் அமைந்திருக்கின்றன. பாறையைச் சோதித்தவர்களும், நட்சத்திரத்தின் ஆயுளைக் கணித்தவர்களும், பிரபஞ்சத்தின் விரிவை அளந்தவர்களும் வெவ்வேறு கருவிகளைக் கொண்டு வெவ்வேறு வழியில் சென்றவர்கள். ஒரு சாராரின் முடிவை மற்றொரு சாராரின் முடிவோடு ஒப்பிட நேர்ந்ததனாலேயே பிழைகள் வெளிப்பட்டன என்பதுதான் இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஈயம் சொன்ன வயது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பௌதிக மேதைகளுள் ஒருவராகிய கெல்வின் பிரபு, பூமி ஆதியில் உருகிய குழம்பாக இருந்து நாளடைவில் ஆறி வந்தது என்று கொண்டு, அதன் உஷ்ணம் வெளியேறும் வேகத்திலிருந்து வயதைக் கணித்தார். 1897-ஆம் ஆண்டில் அவர் கூறிய முடிவு 2 கோடி முதல் 4 கோடி ஆண்டுகள். உயிரினங்களின் பரிணாமத்துக்கு இந்தக் காலம் எள்ளளவும் போதாதே என்று டார்வினின் வழிவந்தவர்கள் கலங்கினார்கள். பூமியின் உட்பகுதி இறுகிய திடப்பொருளாக இல்லாமல் மெல்ல நகரக்கூடியதாக இருந்தால் வயது பன்மடங்கு பெருகும் என்று, கெல்வினிடமே முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி 1895-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிய போதிலும், குருவின் புகழுக்கு முன்னே சீடரின் நியாயம் எடுபடவில்லை.

இந்த விவாதத்துக்கு முடிவுகாண உதவியது, 1896-ஆம் ஆண்டில் ஹென்றி பெக்கரல் கண்டறிந்த கதிரியக்கம். யுரேனியத்தின் ஒரு வகை சரிபாதி ஈயமாக மாறுவதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகளும், மற்றொரு வகை அவ்வாறு மாறுவதற்கு ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகளும் ஆகின்றன. பாறைக்குள் நேரும் உஷ்ணமோ அழுத்தமோ இந்த வேகத்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. ஆகையால் ஒரு பாறையில் எஞ்சியுள்ள யுரேனியத்தையும் அதிலிருந்து விளைந்த ஈயத்தையும் நுட்பமாக அளந்தால், அந்தப் பாறை இறுகிய காலம் தெரிந்துவிடும். ஆங்கிலேய இளைஞரான ஆர்தர் ஹோம்ஸ் 1911-ஆம் ஆண்டில் இம்முறையைக் கையாண்டு, பாறைகளின் வயது பல கோடி ஆண்டுகள் என்று நிறுவினார்.

ஆனால் பாறையின் வயது வேறு, பூமியின் வயது வேறு. பூமி தன் மேலோட்டை ஓயாமல் உருக்கியும் மடித்தும் புதுப்பித்தும் வருவதால், அது பிறந்த காலத்துப் பாறை எதுவும் நமக்குக் கிட்டவில்லை. சூரிய குடும்பம் உருவான காலத்திலேயே இறுகி, அதன் பின்னர் மாறுதலின்றி ஆகாயத்தில் அலைந்து, இறுதியில் பூமியில் வந்து விழுந்த விண்கற்களைச் சோதிப்பதே வழி என்று கொண்டு, கிளேர் பாட்டர்சன் என்ற அமெரிக்க ரசாயன அறிஞர், அரிஸோனா மாகாணத்தில் பெரும் பள்ளத்தை உண்டாக்கிய கான்யன் டயாப்ளோ என்னும் இரும்பு விண்கல்லின் ஈயத்தை ஆராயத் தொடங்கினார். அவர் எடுத்த அளவுகளெல்லாம் ஆரம்பத்தில் தாறுமாறாக வந்தன. காற்றிலும் தூசியிலும் பாத்திரங்களிலும் படிந்திருந்த ஈயமே காரணம் என்று உணர்ந்து, பரிசோதனைச் சாலையை அணு அணுவாகச் சுத்தம் செய்த பிறகே உண்மை அளவு கிடைத்தது. 1956-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 455 கோடி ஆண்டு என்ற கணக்கு இன்றளவும் நிலைத்து நிற்கிறது. அத்துடன் அவர் நிற்கவில்லை. உலகெங்கும் பரவியிருந்த அந்த ஈயம் பெரும்பாலும் பெட்ரோலில் கலக்கப்பட்டதனால் வந்தது என்று கண்டு, செல்வாக்கு மிக்க தொழில்துறையினரின் பகையைப் பொருட்படுத்தாமல் அதை எதிர்த்துப் போராடினார். வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பது உலகில் எங்குமே இல்லை என்ற நிலை 2021-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. பூமியின் வயதைத் தேடிய ஆராய்ச்சி, கோடானுகோடிக் குழந்தைகளை நஞ்சிலிருந்து காக்கும் பணிக்கு வித்திட்டது என்பதை நாம் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

துடிக்கும் நட்சத்திரங்கள்

பிரபஞ்சத்தின் வயதை அறிய விரும்புபவர், மண்டலங்கள் விலகும் வேகத்தையும் அவற்றின் தூரத்தையும் அறிந்தாக வேண்டும். வேகம் ஒளியின் நிறமாலையிலிருந்து தெரியும், தூரம்தான் கடினம். ஹார்வர்டு வானாய்வுக்கூடத்தில் புகைப்படத் தகடுகளை ஆராய்ந்துவந்த ஹென்ரியெட்டா லெவிட் என்ற பெண்மணி, செஃபீட் என்னும் வகையைச் சேர்ந்த, ஒளி கூடியும் குறைந்தும் துடிக்கும் 25 நட்சத்திரங்களை ஒப்பிட்டு, துடிப்பின் காலம் நீள நீள நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசமும் கூடுகிறது என்ற விதியை 1912-ஆம் ஆண்டில் வெளியிட்டார். உண்மையான பிரகாசமும், கண்ணுக்குப் புலப்படும் பிரகாசமும் தெரிந்துவிட்டால் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். இந்த அளவுகோலைக் கொண்டே ஹப்பிள் ஆண்ட்ரோமீடா நமது பால்வீதிக்கு அப்பாற்பட்ட தனி மண்டலம் என்று நிறுவினார். விரிவின் வேகத்தைக் கணிக்கும்போதும் அவர் நம்பியிருந்தது இதனையே. அந்த அளவுகோலிலேயே ஒரு பிழை மறைந்திருந்தது.

பிழையைக் கண்டவர் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வால்டர் பாடே. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பகைநாட்டுப் பிரஜை என்று கருதப்பட்டு யுத்தப் பணிகளுக்கு ஏற்கப்படாத அவர், மவுண்ட் வில்சனிலேயே இருந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். விமானத் தாக்குதலுக்கு அஞ்சி லாஸ் ஏஞ்செல்ஸ் நகரத்தின் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்த இரவுகளில், 100 அங்குலத் தொலைநோக்கியின் மூலம் ஆண்ட்ரோமீடாவின் மையப் பகுதியிலுள்ள நட்சத்திரங்களை அவர் தனித்தனியாகப் பிரித்துக் கண்டார். நட்சத்திரங்கள் இளையன, முதியன என்று இரு பெரும் இனங்களாக அமைந்திருக்கின்றன என்பதை அவர் 1944-ஆம் ஆண்டில் அறிவித்தார். பின்னர் பாலமார் மலையில் நிறுவப்பட்ட 200 அங்குலத் தொலைநோக்கியில், பழைய கணக்கின்படி ஆண்ட்ரோமீடாவில் தென்பட்டிருக்க வேண்டிய ஒருவகை மங்கலான நட்சத்திரங்கள் தென்படவேயில்லை. செஃபீட்களும் இரு வகையின. மங்கலான முதிய வகைக்குரிய அளவைப் பிரகாசமான இளைய வகைக்குப் பொருத்திவிட்டார்கள் என்பது இதனால் தெளிவாயிற்று. ஒளி நாலு மடங்கானால் தூரம் இரு மடங்காகும். தூரம் இரு மடங்கானால் வயதும் இரு மடங்காகும். 1952-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் கூடிய சர்வதேச வானியல் மாநாட்டில் பாடே இதை அறிவித்தபோது, பிரபஞ்சத்தின் வயது ஒரே நாளில் இரட்டிப்பாயிற்று. அடுத்தடுத்த திருத்தங்களால் அது பூமியின் வயதை வெகுவாகத் தாண்டிச் சென்றது.

மறுபடியும் ஒரு முரண்

ஆயினும் இதே போன்ற இடர்ப்பாடு 1990-களில் மீண்டும் தலைதூக்கியது. பல லட்சம் நட்சத்திரங்கள் பந்துபோல் திரண்டிருக்கும் கோளக் கொத்துகளில் உள்ளவை ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. பொருண்மை மிகுந்த நட்சத்திரம் தன் ஹைட்ரஜனை வேகமாக எரித்துத் தீர்த்துவிடும்; சிறியது நெடுங்காலம் நிலைத்திருக்கும். ஆகவே எந்த அளவுக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள் முதுமையடைந்துவிட்டன என்று பார்த்தால் கொத்தின் வயது புலனாகும். அவ்வாறு கணித்த வயது, அன்று பிரபஞ்சத்துக்குச் சொல்லப்பட்ட வயதை விஞ்சி நின்றது. ஹிப்பார்கோஸ் என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் அளவுகள் 1997-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, கொத்துகள் நினைத்ததைவிடத் தொலைவில் இருப்பதாகவும், அதனால் அதிகப் பிரகாசமும் குறைந்த வயதும் உடையவை என்றும் தெரியவந்தது. மறு ஆண்டிலேயே, வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களை ஆராய்ந்த இரு குழுவினர், பிரபஞ்சத்தின் விரிவு குன்றாமல் துரிதமாகிக்கொண்டே வருகிறது என்று அறிவித்தார்கள். முற்காலத்தில் விரிவு மெதுவாக நடந்திருப்பின் இன்றைய பரப்பை எட்ட அதிகக் காலம் பிடித்திருக்கும். இப்படி ஒரு புறம் நட்சத்திரத்தின் வயது குறைந்து, மறு புறம் பிரபஞ்சத்தின் வயது கூடி, முரண் தீர்ந்தது.

ஆதி ஒளியின் சாட்சியம்

1965-ஆம் ஆண்டில் ஆர்னோ பென்ஸியாஸ், ராபர்ட் வில்சன் ஆகிய இருவரும் வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே சீராக வரும் மெல்லிய ரேடியோ அலைகளைக் கண்டதாக அறிவித்தார்கள். பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் கழிந்து, உஷ்ணம் தணிந்து, ஒளி தடையின்றிச் செல்லத் தொடங்கிய காலத்தின் எச்சம் அது. அந்த ஒளியிலுள்ள நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளை 2009-ஆம் ஆண்டில் செலுத்தப்பட்ட பிளாங்க் செயற்கைக்கோள் அளந்ததிலிருந்தே 1,380 கோடி என்ற இன்றைய வயது பெறப்பட்டது.

இத்துடன் ஐயங்கள் அனைத்தும் அற்றுப்போய்விடவில்லை. ஆதி ஒளியிலிருந்து கணித்தால், 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு வினாடிக்கு ஏறத்தாழ 67 கிலோமீட்டர் வீதம் விரிவின் வேகம் கூடுகிறது. செஃபீட்களையும் வெடிக்கும் நட்சத்திரங்களையும் கொண்டு அளந்தால் அது ஏறத்தாழ 73 கிலோமீட்டர். அளவில் ஏதேனும் பிழை உளதா, அன்றி இயற்கையில் நாம் அறியாத ஓர் அம்சம் உளதா என்பதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி முதலியவற்றைக் கொண்டு இன்று ஆராய்ந்துவருகிறார்கள். இதைக் கண்டு விஞ்ஞானத்தின்மீது நம்பிக்கை இழப்பது பேதைமை. ஹப்பிளின் கணக்கும் ஹோம்ஸின் கணக்கும் மோதியிராவிட்டால் அளவுகோலின் பிழையைத் தேட எவருக்கும் தூண்டுதல் இருந்திராது. கொத்துகளின் வயது இடித்துரைத்திராவிட்டால், விரிவு துரிதமாகிறது என்ற செய்தியை அறிஞர் உலகம் அத்தனை விரைவில் ஏற்றிருக்குமா என்பதும் ஐயமே. இரண்டு நேர்மையான அளவுகள் ஒத்துவராத இடத்தில் எதையும் மூடி மறைக்காமல், இரண்டையும் மறுபடி அளந்து பார்க்கும் பொறுமையே நம் காலத்துக்குப் பிரபஞ்சத்தின் வரலாற்றைத் தந்திருக்கிறது. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு எண்களோடு சேர்த்து அந்தப் பொறுமையின் வரலாற்றையும் கற்பிப்பது நமது கடமை.