ஒரு நாள் முழுவதும் யுத்தப் படங்கள்!

மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை. அமெரிக்கா முழுவதும் விடுமுறை.

காலையில் கொடிகள் அரைக் கம்பத்தில் பறக்கின்றன. ராணுவக் கல்லறைத் தோட்டங்களில், ஒவ்வொரு கல்லின் முன்பும் ஒரு சிறு கொடி நட்டு வைத்திருக்கிறார்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் மலர் வைக்கிறார்கள். சற்று நேரம் பேசாமல் நிற்கிறார்கள். பிறகு குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு?

தோட்டத்தில் அடுப்பு மூட்டி விருந்து சமைக்கிறவர்கள் உண்டு. தள்ளுபடி விற்பனை என்று கடைக்கு ஓடுகிறவர்களும் உண்டு. பல வீடுகளில் டெலிவிஷனைப் போடுகிறார்கள். அதில் பழைய யுத்தப் படங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று முடிந்தால் மற்றொன்று. காலையில் தொடங்கினால் மறுநாள் விடியும் வரை!

அந்த நாளுக்கு "நினைவு நாள்" என்று பெயர். போரில் இறந்த சிப்பாய்களை நினைக்கும் நாள்.

எப்படி வந்தது?

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அடிமை முறையை விட மறுத்த தென் மாநிலங்கள் தனியே பிரிந்தன. வட மாநிலங்கள் அவற்றை எதிர்த்துப் போரிட்டன. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் நின்று சண்டையிட்ட குடும்பங்களும் உண்டு. 6 லட்சத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள் மாண்டார்கள்.

1868-ம் ஆண்டு மே 30-ந் தேதி, மாண்டவர்களின் கல்லறைகளுக்கு நாடெங்கும் மலர் சூட்டினார்கள். பிறகு அது ஆண்டுதோறும் நடக்கும் வழக்கம் ஆயிற்று. 1971 முதல் மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமைக்கு மாற்றினார்கள்.

படங்களுக்கென்றே ஒரு நிலையம்

பழைய படங்களைக் காட்டுவதற்கென்றே அமெரிக்காவில் ஒரு டெலிவிஷன் நிலையம் இருக்கிறது. "டர்னர் கிளாசிக் மூவீஸ்" என்று அதற்குப் பெயர். 1994-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி தொடங்கியது. படத்தின் நடுவே விளம்பரம் கிடையாது. நேரத்துக்காகப் படத்தை வெட்டுவதும் கிடையாது.

அந்த நிலையத்தார் படங்களைக் கண்டபடி எடுத்துப் போடுவதில்லை. பூமாலை கட்டுவது போலத் தொடுத்துக் காட்டுகிறார்கள். ஆகஸ்டு மாதத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு நடிகர் அல்லது நடிகையின் படங்கள். நினைவு நாள் வந்தால் யுத்தப் படங்கள். ஒரு படம் தொடங்குமுன் ஒருவர் வந்து, அது எப்போது எடுத்த படம், யார் நடித்தது என்று இரண்டு வார்த்தை சொல்கிறார்.

இப்படித் தொடுப்பதில் ஒரு லாபம் உண்டு. தனியாகப் பார்க்கும்போது தெரியாத சங்கதி, வரிசையாகப் பார்க்கும்போது தெரிந்துவிடும். இந்த வரிசையில் பலமுறை இடம் பெற்ற சில படங்களைப் பார்த்தாலே அது விளங்கும்.

கொல்ல மறுத்த சிப்பாய்

1941-ல் வெளிவந்த படம் "சார்ஜண்ட் யார்க்." இது உண்மைக் கதை.

ஆல்வின் யார்க் என்பவர் டென்னசி மாநிலத்தில் மலைப் பகுதியைச் சேர்ந்த ஏழை விவசாயி. தெய்வ பக்தி மிக்கவர். மனிதனை மனிதன் கொல்வது பாவம் என்று நம்பினார். முதல் உலக யுத்தத்தில் ராணுவத்துக்கு அழைப்பு வந்தபோது, "நான் வர மாட்டேன்" என்று விண்ணப்பம் எழுதினார். சர்க்கார் அதை ஏற்கவில்லை.

1918-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி பிரான்சு நாட்டுப் போர்க்களத்தில், அவரும் உடன் இருந்த சில சிப்பாய்களும் சேர்ந்து 132 ஜெர்மானியரைச் சிறைப் பிடித்தார்கள். நாடே அவரைக் கொண்டாடியது.

தன் கதையைப் படமாக்க யார்க் வெகு காலம் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார். யார்க்காக நடித்த கேரி கூப்பருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

படம் வந்த சில மாதங்களில் அமெரிக்கா இரண்டாவது உலக யுத்தத்தில் இறங்கியது. யுத்தத்துக்கு ஜனங்களின் மனத்தைத் தயார் செய்த படங்களில் இதுவும் ஒன்று. பார்க்கிறவர்கள் கை தட்டுவார்கள்.

ஒரு தாயின் ஐந்து பிள்ளைகள்

அடுத்த படத்தில் கை தட்டல் குறைந்துவிடுகிறது.

அயோவா மாநிலத்தில் வாட்டர்லூ என்று ஓர் ஊர். அங்கே சல்லிவன் என்ற ரயில்வே தொழிலாளியின் குடும்பம். ஐந்து ஆண் பிள்ளைகள். ஐவரும் கடற்படையில் சேர்ந்தார்கள். "எங்களை ஒரே கப்பலில் போடவேண்டும்" என்று கேட்டார்கள். அப்படியே போட்டார்கள்.

1942-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி, பசிபிக் கடலில் அந்தக் கப்பலை ஜப்பானியர் மூழ்கடித்தார்கள். ஐந்து பேரும் போய்விட்டார்கள்!

இரண்டு மாதம் கழித்துக் கடற்படை அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். "எந்த மகன்?" என்று தந்தை கேட்டார். "ஐந்து பேருமே" என்று பதில் வந்தது.

கடைக்குட்டியின் மனைவி கையில் குழந்தை இருந்தது.

1944-ல் இதைப் படமாக எடுத்தார்கள். படத்தில் யுத்தக் காட்சிகள் கொஞ்சந்தான். ஐந்து பையன்களும் சண்டை போட்டுக்கொள்வது, தாயிடம் திட்டு வாங்குவது, தந்தை வேலைக்குப் போகும்போது தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று கை அசைப்பது, இவைதான் பெரும் பகுதி. பிள்ளைகள் இறந்த சேதி வந்த பிறகும் தந்தை வேலைக்குப் போகிறார். ரயில் அந்தத் தண்ணீர்த் தொட்டியைக் கடக்கிறது. அங்கே இப்போது யாரும் இல்லை. அவர் கையைத் தூக்கி சலாம் வைக்கிறார்.

பிள்ளைகளைப் பெற்றவர்கள் யாரும் அந்தக் காட்சியைக் கண் கலங்காமல் பார்க்க முடியாது.

கைகளுக்குப் பதில் கொக்கிகள்

யுத்தம் முடிந்த மறு ஆண்டு, 1946-ல், வந்த படத்தின் பெயருக்கு "நம் வாழ்வின் மிகச் சிறந்த ஆண்டுகள்" என்று பொருள். ஊர் திரும்பும் மூன்று சிப்பாய்களின் கதை. ஏறக்குறைய 3 மணி நேரம் ஓடும்.

மூவரில் ஒருவன் மாலுமி. இரண்டு கைகளும் போய், அவற்றின் இடத்தில் இரும்புக் கொக்கிகள் மாட்டியிருக்கிறான். கல்யாணத்துக்கு நிச்சயமான பெண் ஊரில் காத்திருக்கிறாள். அவள் தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுவாளோ என்று அவனுக்குப் பயம். ஒரு நாள் இரவு, கொக்கிகளைக் கழற்றினால் தன் நிலைமை என்ன என்பதை அவளுக்கே காட்டுகிறான். அவள் பதறவில்லை. அவனுடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறாள்.

அந்த மாலுமியாக நடித்தவர் ஹரால்டு ரசல். அவர் தொழில் நடிகர் அல்ல, ராணுவச் சிப்பாய். 1944-ல் பயிற்சி முகாமில் வெடி விபத்தில் உண்மையிலேயே இரு கைகளையும் இழந்தவர்!

அந்த ஒரே வேடத்துக்காக அவருக்கு இரண்டு ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. சிறந்த துணை நடிகர் என்று ஒன்று. ஊனமுற்ற சிப்பாய்களுக்குத் தைரியம் அளித்தவர் என்று மற்றொன்று. 1992-ல், மனைவியின் வைத்தியச் செலவுக்காக அவற்றில் ஒன்றை ஏலத்தில் விற்றார். 60 ஆயிரத்து 500 டாலர் கிடைத்தது.

காலையில் வீரத்தைக் கண்டு மகிழ்ந்தவர்கள், இதற்குள் வேறு ஒன்றைக் கண்டுகொள்கிறார்கள். வெற்றிக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று தெரிந்துவிடுகிறது. ஒரே நாளில் வரிசையாகக் காட்டுவதன் பலன் இதுதான்.

குவாய் நதிப் பாலம்

இந்த வரிசையில் வருகிற இன்னொரு படம், தமிழர்கள் நின்று பார்க்கவேண்டியது. அது 1957-ல் வெளிவந்த "குவாய் நதிப் பாலம்."

படத்தை இலங்கையில் எடுத்தார்கள். கித்துல்கல என்ற இடத்தில், களனி ஆற்றின் மேல் பெரிய மரப் பாலம் கட்டினார்கள். உண்மையான ரயிலை ஓட்டி, வெடி வைத்துப் பாலத்தைத் தகர்த்தார்கள். படத்துக்கு 7 ஆஸ்கார் பரிசுகள். 1966 செப்டம்பர் 25-ந் தேதி அமெரிக்க டெலிவிஷனில் காட்டியபோது, சுமார் 6 கோடிப் பேர் பார்த்தார்கள்!

கதை இதுதான்: ஜப்பானியர் பிடித்து வைத்த பிரிட்டிஷ் ராணுவக் கைதிகள், சயாம் காட்டில் ரயில் பாலம் கட்டுகிறார்கள்.

பாலத்துக் கதை கற்பனை. ஆனால் ரயில் பாதை உண்மை. 1942-லும் 1943-லும், சயாமிலிருந்து பர்மாவுக்குச் சுமார் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் பாதை போட்டார்கள். அதில் மாண்ட ராணுவக் கைதிகள் 12 ஆயிரத்துக்கு மேல்.

வெள்ளைக்காரக் கைதிகள் மட்டுமா மாண்டார்கள்?

படத்தில் இல்லாதவர்கள்

இல்லை. ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 2 லட்சம் பேர் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். மலேயா, பர்மா, சயாம், ஜாவா ஆகிய நாடுகளிலிருந்து அவர்களைக் கொண்டுபோனார்கள். மலேயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள்!

நல்ல சம்பளம் என்று சொல்லிச் சிலரை அழைத்தார்கள். பிறகு கட்டாயமாகவே பிடித்துக்கொண்டு போனார்கள். காட்டு மழை, அரை வயிற்றுச் சோறு, காலரா, மலேரியா. கைதிகளுக்காவது உடன் ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு யார் இருந்தார்கள்? மாண்ட தொழிலாளர்கள் 90 ஆயிரம் பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

காஞ்சனபுரியில் உள்ள ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் சுமார் 7 ஆயிரம் கைதிகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழ்த் தொழிலாளிக்கு வெகு காலம் கல்லும் இருக்கவில்லை. படத்திலும் இடம் இல்லை.

இதில் ஒரு விசித்திரம். மூலக் கதையை எழுதிய பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர், மலேயா ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர்!

படத்துக்கு வசனம் எழுதிய இரண்டு பேர் கூட முதலில் மறைக்கப்பட்டவர்கள்தான். அவர்களைக் கம்யூனிஸ்டுகள் என்று ஒதுக்கி வைத்திருந்ததால், படத்தில் பெயர் போடவில்லை. பரிசு பூலின் பெயருக்குப் போயிற்று. 1984-ல்தான் அந்தத் தவறு திருத்தப்பட்டது. பரிசு கைக்கு வருமுன் இருவரும் காலமாகிவிட்டார்கள். ஆனாலும் பெயர் திரும்பி வந்தது.

மாண்ட தமிழர்களின் கதையும் இப்படித் தாமதமாகவே வந்தது. மலேசிய எழுத்தாளர் ஆர்.சண்முகம் "சயாம் மரண ரயில்" என்ற நாவலை எழுதினார்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

நினைவு நாளில் அமெரிக்கக் குடும்பம் டெலிவிஷன் முன் உட்கார்ந்திருக்கிறது. படம் ஓடும்போது பேரன் கேட்கிறான்: "தாத்தா, நம் வீட்டில் யாராவது யுத்தத்துக்குப் போனார்களா?" தாத்தா எழுந்து போய்ப் பழைய போட்டோவை எடுத்து வருகிறார். படம் காட்டுவதால் உண்டாகும் நன்மை அதுவே.

தமிழ்நாட்டிலும் மலேயாவுக்குப் போய்த் திரும்பாதவர்கள் பல குடும்பங்களில் உண்டு. "பினாங்குக்குப் போனவர், யுத்தத்தில் சேதி இல்லை" என்று பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர் பெயர் என்ன? எந்த ஊரிலிருந்து போனார்? எந்தத் தோட்டத்தில் இருந்தார்?

கேட்டு எழுதி வைத்துக்கொள்ள டெலிவிஷன் நிலையம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.