கூந்தன்குளத்தின் இளவேனில்

வசந்தம் என்றதும் பூக்களும் தளிர்களும் நம் நினைவுக்கு வருகின்றன. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டிக்கு அருகிலுள்ள கூந்தன்குளம் என்ற சிற்றூருக்கோ வசந்தத்தைப் பறவைகளே கொண்டுவருகின்றன. தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்கு நெல்லைச் சீமையே பூர்வீகம். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் வாடிக்கையாளர்கள் ஒருமுறையேனும் காண வேண்டிய இடம் இது.

வடகிழக்குப் பருவமழையாலும், மணிமுத்தாறு அணையிலிருந்து வரும் கால்வாய் நீராலும் இங்குள்ள குளம் நிறைகிறது. நீர் நிலைத்தால் மீன் பெருகும். மீன் பெருகினால் பறவைகள் வரும். மார்கழி, தை மாதங்களில் வரத் தொடங்கும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், அரிவாள் மூக்கன் ஆகியவை மெல்ல மெல்லக் கூடு கட்டுகின்றன. பூநாரைகளும் குளத்தில் கூட்டமாக இரை தேடுகின்றன.

இவை அனைத்தும் வெளிநாட்டிலிருந்து வருவன என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நம் நாட்டுப் பறவைகளே. நீரும் இரையும் இருக்குமிடம் நாடி இந்தியாவுக்குள்ளேயே இடம்பெயர்கின்றன. இமயத்தைக் கடந்து வருவது வரித்தலை வாத்து. அதன் தாயகம் திபெத், மங்கோலியா போன்ற குளிர்நிலங்கள். பங்குனி வெயில் ஏறும்போது அது வடக்கே திரும்பிவிடுகிறது. அதே வெயிலில் நாரைகளோ கூட்டில் குஞ்சுகளை வளர்த்துக்கொண்டிருக்கின்றன. ஒரே இளவேனில் ஒரு பறவைக்கு விடைபெறும் காலமாகவும் மற்றொன்றுக்குப் பிள்ளை வளர்க்கும் காலமாகவும் அமைகிறது.

வாசலில் கூடுகள்

பிற சரணாலயங்களில் பறவைகளைத் தொலைநோக்கி வழியே தேட வேண்டியிருக்கும். கூந்தன்குளத்தில் அவை ஊருக்குள்ளேயே வாழ்கின்றன. வீட்டு வாசலிலும் கொல்லையிலும் தெருவோரத்திலும் நிற்கும் வேம்பு, புளி, கருவேல மரங்களில் கூடுகளைக் காணலாம். உச்சி வெயிலில் தாய் நாரை தன் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருவதையும், அலகில் நீர் கொண்டுவந்து அவற்றின் மீது ஊற்றுவதையும் திண்ணையில் அமர்ந்தபடியே பார்க்க முடியும். கூழைக்கடாவின் குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை நுழைத்து மீன் உண்ணும் காட்சி குழந்தைகளைப் பெரிதும் கவரும்.

இந்த நெருக்கத்திற்கு ஊரார் தரும் விலை சிறிதன்று. மரத்தடி முழுவதும் எச்சம், மீன் வாடை, இரவு பகலாக ஓயாத ஒலி. ஆயினும் எவரும் கூட்டைக் கலைப்பதில்லை. பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. திருவிழாக்களிலும் பேரொலியைத் தவிர்க்கின்றனர். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து, பறக்கும் வரை மீன் கொடுத்துப் பேணுகின்றனர். பறவை வந்தால் ஊர் செழிக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குக் கணக்கும் உண்டு. பறவைகளின் எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்குச் சிறந்த உரம். கோடையில் குளம் வற்றும்போது அந்த வண்டலை எடுத்து வயலில் இடுகின்றனர். வங்கித் துறையில் இருக்கும் எனக்கு இது ஒரு நல்ல வைப்புத்தொகையாகவே தோன்றுகிறது. குளமும் மரமும் முதல். வண்டல் அதன் வட்டி. முதலில் கைவைக்காதவரை வட்டி ஆண்டுதோறும் வந்து சேரும்.

சட்டத்திற்கு முன்பே வழக்கம்

கூந்தன்குளம் 1994ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஊராரின் பாதுகாப்பு அதற்கும் முந்தையது. தமிழகத்திற்கு இது புதிதன்று. வேடந்தாங்கல் மக்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தம் ஏரிப் பறவைகளை எவரும் வேட்டையாடாதபடி அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் ஆணை பெற்றவர்கள்.

ஆனால் வழக்கம் மட்டும் போதாது, நீரும் வேண்டும். மழை பொய்த்து, கால்வாயில் நீர் வராத ஆண்டுகளில் குளம் வறள்கிறது; பறவைகள் வேறு நீர்நிலைகளைத் தேடிப் போய்விடுகின்றன. கூடு கட்டிய பின் நீர் குறைந்தால் நிலைமை இன்னும் கடுமை. இரைக்காகத் தாய்ப்பறவை நெடுந்தொலைவு செல்ல வேண்டும். குஞ்சுகள் பசியில் வாடும். ஆகவே, நீர் வரும் வாய்க்காலைத் தூர்வாருவதும் குளத்தின் பரப்பை ஆக்கிரமிப்பின்றிக் காப்பதும் பறவைக்குச் செய்யும் உதவி மட்டுமல்ல. அதே நீரை நம்பியிருக்கும் உழவருக்கும் செய்யும் உதவி.

மும்பைக்கும் கூந்தன்குளத்திற்கும் ஓர் உறவு உண்டு. 2022 ஆகஸ்டில், சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டையொட்டி இந்தியாவின் ராம்சார் ஈரநிலங்களின் எண்ணிக்கை 75 ஆனது. அம்மாதம் அறிவிக்கப்பட்ட இடங்களுள் கூந்தன்குளமும் நம் தாணே கழிமுகமும் இருந்தன. செம்பூரை அடுத்த மாஹுலிலும் சிவ்ரிச் சேற்றுப்பரப்பிலும் குளிர்காலம் முதல் கோடை வரை நாம் காணும் இளஞ்சிவப்புப் பூநாரைகளும் ஈரநிலத்தை நம்பியே வருகின்றன. அவற்றின் சேற்றுப்பரப்பில் குப்பை கொட்டாமல் இருப்பது, இங்கே நம்மால் இயன்ற கூந்தன்குள வழக்கம்.

செல்வோர் கவனத்திற்கு

தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு நேரடி ரயில் உண்டு. திருநெல்வேலியிலிருந்து கூந்தன்குளம் சாலை வழியே ஏறத்தாழ 35 கிலோமீட்டர். தை முதல் சித்திரை வரை செல்வது நலம். அதிகாலையும் மாலையும் ஏற்ற வேளைகள். மழையளவைப் பொறுத்துப் பறவைகளின் வரவு மாறும் என்பதால், ஊரில் உள்ள உறவினர்களிடம் குளத்தில் நீர் உள்ளதா என்று கேட்டறிந்து புறப்படுங்கள். ஒலிபெருக்கி, ஒலிப்பான் ஆகியவற்றைத் தவிருங்கள். கூடுகள் இருப்பது பிறர் வீட்டு வாசல் என்பதால், படம் எடுக்குமுன் வீட்டாரின் அனுமதியைப் பெறுங்கள். குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நம் முன்னோர் ஊரின் செல்வங்களுள் இதுவும் ஒன்று என்று அவர்கள் அறியட்டும்.