கோணல்மாணலாக 500 ஆண்டுகள்: இங்கிலாந்தின் இந்த மர வீடு விழாமல் நிற்பது எப்படி?

இங்கிலாந்தின் வடமேற்கே, செஷையர் பகுதியில் காங்கில்டன் என்ற ஊருக்கு அருகே அகழி சூழ நிற்கிறது லிட்டில் மோர்டன் ஹால். முதல்முறை பார்ப்பவர்களுக்கு, ‘இது எந்த நேரமும் விழுந்துடும் போலிருக்கே’ என்றுதான் தோன்றும். மாடி ஒரு பக்கம் பிதுங்கியிருக்கிறது. ஜன்னல் வரிசை நேர்கோட்டில் இல்லை. மேல்மாடியின் தரை மேடு பள்ளமாக இருக்கிறது. ஆனால் 1500-களின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிய வீடு இன்றும் நிற்கிறது. எப்படி?

யார் கட்டியது?

மோர்டன்கள் அந்தப் பகுதியின் பெரிய நிலவுடைமைக் குடும்பம். வீட்டின் மிகப் பழைய பகுதியான பெரிய கூடம், 1504 முதல் 1508 வரையிலான ஆண்டுகளில் வில்லியம் மோர்டன் என்பவருக்காகக் கட்டப்பட்டது. அதன்பிறகு சுமார் 1610 வரை, தலைமுறை தலைமுறையாக ஆளுக்கொரு பக்கம் சேர்த்துக்கொண்டே போனார்கள். முழு வீட்டுக்கும் ஒரே திட்டம் கிடையாது. கையில் காசு வந்தபோது, தேவை வந்தபோது ஒரு பகுதி எழும்பியது. நடுவே கல் பாவிய முற்றம், அதைச் சுற்றி ஒன்றோடொன்று பொருந்தாத அளவுகளில் மூன்று பக்கக் கட்டடங்கள் என வீடு வளர்ந்தது இப்படித்தான்.

1559-ல் இரண்டாம் வில்லியம் மோர்டன், உயரமான பெரிய கூடத்தின் நடுவே ஒரு தளம் போட்டு இரண்டு மாடியாக்கினார். முற்றத்தைப் பார்த்து இரண்டு பெரிய துருத்து ஜன்னல்களும் வைத்தார். இடம் போதவில்லை. இரண்டின் கூரைகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த ஜன்னல்களைச் செய்தது ரிச்சர்ட் டேல் என்ற தச்சர். வீட்டுக்காரர் பெயரோடு தச்சரின் பெயரும் மரத்திலேயே செதுக்கப்பட்டிருக்கிறது.

எங்கே தொடங்கியது கோணல்?

1560-களின் தொடக்கத்தில் வில்லியமின் மகன் ஜான், வாயில் மாடத்தோடு தெற்குப் பகுதியைக் கட்டினார். வேலை தொடங்கிய பிறகுதான், ‘மேலே இன்னொரு மாடி போடலாமே’ என்ற யோசனை வந்ததாகத் தெரிகிறது. அப்படி உச்சியில் எழுந்ததுதான் ‘லாங் கேலரி’. ஏறத்தாழ 21 மீட்டர் நீளமுள்ள கூடம். மழைநாளில் உள்ளேயே நடக்கவும் விளையாடவும் வசதியான கூடங்களை அன்றைய பணக்கார வீடுகள் விரும்பிக் கட்டின. 17-ம் நூற்றாண்டைச் சேர்ந்த டென்னிஸ் பந்துகள் இந்த வீட்டின் சுவர்ப் பலகைகளுக்குப் பின்னாலிருந்து கிடைத்துள்ளன.

சிக்கல் கூரையில் இருந்தது. அதன்மேல் கனமான கற்பலகைகளை அடுக்கினார்கள். கீழே இருந்த சட்டங்களோ அந்தப் பாரத்தை எதிர்பார்த்துப் போட்டவை அல்ல. மேலிருந்து அழுத்த அழுத்த, கீழ்த்தளங்கள் வளைந்து வெளியே பிதுங்கின. இன்று எல்லோரும் ரசித்துப் படம் எடுக்கும் அந்த அழகான கோணல், உண்மையில் திட்டமில்லாமல் ஏற்றிய ஒரு மாடியின் விளைவு.

பிறகு ஏன் விழவில்லை?

பதில் வீட்டின் எலும்புக்கூட்டில் இருக்கிறது. இங்கே பாரம் தாங்குவது சுவர் அல்ல, ஓக் மரச் சட்டகம். ஒரு சட்டத்தில் துளை, அடுத்த சட்டத்தின் முனையில் அதற்குள் நுழையும் நாக்கு, இரண்டையும் சேர்த்துக் குறுக்கே அடித்த மர முளை. இதுதான் இணைப்பு முறை. சட்டங்களுக்கு இடையே உள்ள கட்டங்களில் வரிச்சு கட்டி, மண்ணும் சுண்ணாம்பும் பூசி அடைப்பார்கள். அது வெறும் அடைப்புதான்.

ஓக் மரம் காய்ந்துவிட்டால் இரும்பு மாதிரி இறுகிவிடும். அதனால் அன்றைய தச்சர்கள் பச்சை மரமாக இருக்கும்போதே வெட்டிப் பூட்டினார்கள். கட்டி முடித்த பிறகு மரம் மெல்லக் காய்ந்து, சுருங்கி, முறுக்கிக்கொள்ளும். பூட்டுகள் இன்னும் இறுகும். பாரம் கூடினால் கல் சுவர் வெடிக்கும். மரச் சட்டகம் கொஞ்சம் வளைந்துகொடுத்து, பாரத்தைப் பக்கத்துச் சட்டங்களோடு பகிர்ந்துகொள்ளும். லிட்டில் மோர்டன் ஹால் வளைந்தது, அதனால்தான் முறியவில்லை.

காப்பாற்றியது காசில்லாமை

1640-களின் உள்நாட்டுப் போரில் மோர்டன் குடும்பம் மன்னர் பக்கம் நின்றது. தோற்ற தரப்பானதால் கடன் ஏறியது, நிலங்கள் கைமாறின. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் குடும்பமே வீட்டைவிட்டு வெளியேறி, குத்தகை விவசாயிகளுக்கு விட்டது. மற்ற பணக்காரர்கள் பழைய மர வீடுகளை இடித்துச் செங்கல் மாளிகை கட்டிய காலத்தில், மோர்டன்களிடம் அதற்கு வசதி இல்லை. வீடு தப்பியது, ஆனால் பரிதாபமாக. 1847 வாக்கில் பெரும்பகுதி ஆளில்லாமல் கிடந்தது. வழிபாட்டு அறையில் நிலக்கரி கொட்டி வைத்திருந்தார்கள்.

1892-ல் வீடு எலிசபெத் மோர்டன் என்ற கன்னியாஸ்திரியின் கைக்கு வந்தது. வழிபாட்டு அறையை மீட்டவர் அவர்தான். லாங் கேலரியைப் பிடித்து நிறுத்தும் எஃகுக் கம்பிகளும் அவர் காலத்தவையாக இருக்கலாம். 1912-ல் உறவினருக்கு எழுதி வைத்தபோது, ‘ஒருபோதும் விற்கக் கூடாது’ என்று நிபந்தனை போட்டார். 1938-ல் வீடு நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் வந்தது.

எந்த வீட்டைக் காப்பாற்றுவது?

1977-ல் தெற்குப் பகுதிக் கூரையின் கற்பலகைகள் பிடி தளர்ந்திருப்பது தெரியவந்து, கட்டம் கட்டமாகப் பழுதுபார்ப்பு தொடங்கியது. சட்டகத்தை வலுப்படுத்தினார்களே தவிர, வீட்டை நிமிர்த்தவில்லை. வளைந்த நிலையிலேயே பூட்டுகள் பழகிவிட்டன. இப்போது நேராக்கப் போனால் பூட்டும் பூச்சும் கண்ணாடியும் உடையும்.

அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. 1559-ல் கூடத்தின் நடுவே போட்ட தளம் இன்று இல்லை, பிற்காலத்தில் எடுத்துவிட்டார்கள். அந்த மாடிக்காக வைத்த மேல் ஜன்னல்கள் மட்டும் நிற்கின்றன. சிறிய அறை ஒன்றில் பிற்காலத்தில் அடித்த பலகைகளுக்குப் பின்னாலிருந்து பழைய சுவர் ஓவியங்கள் 1970-களில் வெளிவந்தன. ஆக, இதில் எது ‘அசல்’ வீடு?

வெளித்தோற்றமே இதற்கு நல்ல உதாரணம். வீட்டின் அடையாளமாகிவிட்ட கறுப்பு வெள்ளை நிறம் விக்டோரியா காலத்து ரசனை என்றே கருதப்படுகிறது. அதற்கு முன்பு ஓக் மரம் பூச்சில்லாமல் வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பலாக வெளிறியிருக்கும், அடைப்புகள் காவி மஞ்சளாக இருந்திருக்கும். கட்டியவர்கள் இன்று திரும்பி வந்து அகழிக்கு வெளியே நின்று பார்த்தால், ‘இது நம்ம வீடுதானா?’ என்று ஒரு நிமிடம் யோசிப்பார்கள். ஜன்னலில் இருக்கும் தச்சரின் பெயரைப் படித்த பிறகுதான் உள்ளே வருவார்கள்.